வாப்பா வாற நாள்

சர்வதேசம் என்பது அந்தப் பாடசாலையின் பெயர்ப்பலகையோடு சரி. மற்றப்படி அது கல்முனைக்குத் தெற்கே, கடற்கரை வீதியில், பழைய நெல் ஆலையொன்றை இடித்துக் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். மாரி பிறந்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். புது வருடத்துக்குப் பாடசாலை திறப்பதற்கு முதல்நாள், பகல் முழுக்க ஆசிரியைமார் அந்தத் தண்ணீரைத் தும்புத்தடியால் தள்ளி வடிகானுக்குள் விட்டார்கள். விட்ட கையோடு இன்னொரு மழை வந்து முற்றத்தை மறுபடி நிரப்பிவிட்டுப் போனது.

அதிபர் ஜுனைட் சேர் துபாயில் படிப்பித்துவிட்டு வந்தவர். அங்கே பாடசாலை திறந்தால் பிள்ளைகளை மட்டுமல்ல, குடும்பத்தையே வரவேற்பார்களாம். இங்கேயும் அப்படித்தான் நடக்கவேண்டும் என்று ஒரேயடியாக நின்றார். வாசலில் பலூன் வளைவு. வளைவடியில் பன்னீர்ச் செம்பு, ஈத்தம்பழத் தட்டு. உம்மா, வாப்பா, பிள்ளை மூவரும் கை கோத்து உள்ளே வர, படம் எடுப்பார்கள். வாசலில் நிற்கிற ஆசிரியை "வெல்கம் டு அவர் ஃபேமிலி" என்று சிரித்த முகத்தோடு சொல்லவேண்டும்.

வாசலில் நிற்கிற வேலை நதீராவின் தலையில் விழுந்தது. பாலர் வகுப்பு அவளுடையது. புதுப் பிள்ளைகள் எல்லாம் அவளிடம்தான் வரப்போகிறார்கள். அவர்களில் ஒருத்தி அவளுக்கு மூத்தவளான ஸுல்பிகா ராத்தாவின் மகள் நிஹ்லா.

"நதீரா, அந்தப் பிள்ளைக்கு இன்னும் சொல்லல்லயா?" என்று கேட்டாள் றெஜிதா. கல்முனை மெதடிஸ்த கோயிலடியைச் சேர்ந்தவள். பக்கத்து வகுப்பு ரீச்சர். இருவரும் பலூனுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல றெஜி. எங்குட வாப்பா விடுறாரில்ல."

"நாளைக்கு அது இஞ்ச நிண்டு றோட்டையே பார்த்துக்கொண்டு நிக்கப்போகுது. எனக்கு நினைக்கவே நெஞ்சு பதறுது."

"எனக்கு மட்டும் எப்பிடி இரிக்கும் எண்டு நினைக்கிறாய்?" என்ற நதீரா, ஊதிய பலூனின் வாயைக் கட்ட மறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அது காற்றுப் போய்ச் சுருங்கியது.

நிஹ்லாவின் வாப்பா ஸப்ரி கத்தாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினார். ஐப்பசி மழை தொடங்கிய கிழமை, இரவு படுத்தவர் சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். செய்தி வந்தபோது அவருடைய மாமனார், நதீராவின் வாப்பா காலிதீன் சவளக்கடை வட்டையில் வயல் விதைத்துக்கொண்டு நின்றார். நிஹ்லா டெங்குக் காய்ச்சலில், கையில் சேலைன் ஏற, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

"புள்ளைக்கி இப்ப செல்லப்படா. சுகமாகி வீட்ட வரட்டும்" என்று காலிதீன் செய்தியைச் சொல்லவிடாமல் தடுத்ததில் அன்றைக்கு யாருக்கும் பிழை தெரியவில்லை. ஸப்ரியை அந்த நாட்டிலேயே அடக்கினார்கள். இங்கே பள்ளிவாசலில் மையித்து வராமலே, உடல் இல்லாத தொழுகை நடத்தினார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்தபோது வாடகைக் கதிரைகள் போய்விட்டன, முற்றத்துக் கூடாரம் கழற்றியாகிவிட்டது. இறந்தவருக்காகக் கத்தம் ஓதுவதைக்கூடப் பள்ளிவாசலோடு முடித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஸுல்பிகாவை என்ன செய்வது? அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தான பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு இறங்காமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற காலம். வெள்ளை உடுத்து, திரை போட்ட அறைக்குள் இருக்கிற உம்மாவைப் பார்த்து "ஏன்?" என்று பிள்ளை கேட்டாள். "உன்ட காய்ச்சல் உம்மாக்கும் வந்திட்டு மகள்" என்று காலிதீன் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். வாப்பாவின் கோல் ஏன் வரவில்லை? போன் உடைந்துவிட்டது. வாப்பா எப்போது வருவார்? ஸ்கூல் திறக்கிற அன்றைக்கு.

இந்தக் கடைசிப் பொய்யை அவர்கள் புதிதாகச் செய்யவில்லை. ஸப்ரியே சொல்லியிருந்தது அது. தை மாதம் லீவில் வருவேன், மகளை முதல்நாள் இங்கிலீஸ் ஸ்கூலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் சொன்ன மனிதர். அந்த வாக்கை அப்படியே விட்டுவைத்தார்கள். அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஊரும் ஒத்துழைத்தது. இந்த ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். சந்தையில் ஒருவர் கீரிமீன் வாங்கினால் அவர் வீடு போய்ச் சேருமுன்னம் அடுத்த தெருவில் விலை தெரியும். அப்படிப்பட்ட ஊர், ஒரு சின்னப் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டது. ஸுல்பிகாவைப் பார்க்க வந்த பெண்கள் நிஹ்லாவைக் கண்டால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உம்மாக்குக் காய்ச்சல் எப்பிடி மகள்?" என்று கேட்டார்கள். கல்மனசுக்காரிகள் என்று பெயரெடுத்தவர்கள்கூட அப்படித்தான் கேட்டார்கள்.

அன்று பின்னேரம் காலிதீன் வயலிலிருந்து நனைந்துபோய் வந்தார். கிட்டங்கித் தாம்போதிப் பாலத்தில் தண்ணீர் ஏறி, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருந்தார். வேளாண்மை குடலைப் பருவம்; நெற்கதிர் இன்னும் வெளியே வரவில்லை. இந்த மழை இன்னும் கொஞ்சம் நின்று பெய்தால் பள்ளத்து வயல் அழுகிப்போகும். அதைப்பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவித்த மரவள்ளிக் கிழங்கையும் புளியாணத்தையும் நதீரா கொண்டுவந்து வைத்தாள். கிழங்கைப் பிட்டவர் அப்படியே இருந்தார்.

"வாப்பா, இண்டைக்கி ராவைக்கே செல்லுவம்" என்றாள் நதீரா.

"பொறு மகள்."

"எவ்வளவு நாளைக்கிப் பொறுக்கிற? நாளைக்கி அவ அங்க நிண்டு வாற வாகனம் எல்லாத்தையும் பாப்பா. நானும் பக்கத்துல நிண்டு பல்லக் காட்டிக்கிட்டு பன்னீர் தெளிக்கணும். என்னால ஏலா வாப்பா."

"நாளைக்கி முதல் நாள் புள்ள. அழுதழுது போனா அந்த ஸ்கூலையே அவ வெறுத்திடுவா. ஸப்ரிட ஆசையில்லயா அது? ஒரு நாள், ஒரே ஒரு நாள், சந்தோசமாப் போயிட்டு வரட்டும். பின்னேரம் அஸர் தொழுதாப் பொறகு நானே மடியில வெச்சிச் செல்லுவன்."

"பெருநாளைக்கிப் பொறகு எண்டீங்க. ஓதுற பள்ளியில லீவு வரட்டும் எண்டீங்க. இப்ப அஸருக்குப் பொறகு. வேற யாராவது செல்லிட்டா?"

"ஆரு செல்லுவாங்க? ஊரே வாயப் பொத்திக்கிட்டு இரிக்கி."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஸுல்பிகாவின் குரல் வந்தது. "வாப்பா, நான் செல்லட்டா?"

காலிதீன் திரையைப் பார்த்தார். "உனக்கு வாயால வருமா மகள்?"

கொஞ்சம் விலகிய திரை மறுபடி மூடிக்கொண்டது. மனிதர் அதற்குப் பிறகு கிழங்கைத் தொடவில்லை. அவரை முரட்டுப் பிடிவாதக்காரர் என்று நதீரா மனதுக்குள் திட்டிக்கொண்டாள். உண்மையில் அவர் பயந்துபோயிருந்தார். வட்டையில் யானை வந்தால் தீவட்டியோடு முன்னால் ஓடுகிற மனிதர், அந்தப் பிள்ளையின் முகத்துக்குப் பயந்தார்.

அந்த நேரம் பார்த்து நிஹ்லா புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு டக்டக்கென்று நடந்து வந்தாள்.

"மூத்தாப்பா, வாப்பாட பிளேன் வெளிக்கிட்டிருக்குமா?"

நதீரா வாப்பாவைப் பார்த்தாள். சொல்வதென்றால் இதுதான் நேரம். காலிதீன் தொண்டையைச் செருமினார்.

"மழை மகள். மழைக்கி பிளேன் பிந்தும்."

"பிந்தினாலும் வரும்தானே?"

"சப்பாத்தக் கழட்டு மகள். ஊத்தையாகிடும்."

நதீரா எழுந்து குசினிக்குள் போனாள். சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் கரி மட்டுமல்ல, சட்டியே போய்விடும் போலிருந்தது.

காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. பலூன்களில் பாதி இரவே வெடித்துவிட்டன. மீதியை றெஜிதா நெருக்கிக் கட்டி வளைவைச் சமாளித்தாள். ஜுனைட் சேர் கோட்டும் சூட்டுமாக மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். காலிதீன் பேத்தியை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்து, மழைக்கோட்டால் பொதிந்து கொண்டுவந்து இறக்கினார். வெள்ளை முக்காடும் நீலச் சட்டையுமாக இறங்கிய நிஹ்லா நேரே நதீராவிடம் வந்தாள்.

"உள்ளுக்குப் போ மகள். உன்ட வகுப்புல றெஜி ரீச்சர் நிக்கிறா" என்றாள் நதீரா.

"நான் இஞ்சதான் நிப்பன் சாச்சி. உள்ளுக்குப் போனா வாப்பாக்கு என்னத் தெரியாது."

அவளை அனுப்ப நதீராவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சும்மா நின்றால் றோட்டையே பார்ப்பாளே என்று ஈத்தம்பழத் தட்டைக் கையில் கொடுத்தாள். வருகிறவர்களிடம் என்ன சொல்லவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள்.

குடும்பங்கள் வரத் தொடங்கின. ஓட்டோவிலும் வேனிலும் குடைக்குள்ளும் வந்தார்கள். வாப்பாமாரில் பாதிப்பேர் கத்தாரிலும் சவூதியிலும் இருந்தார்கள். அவர்களுடைய பெண்சாதிமார் போனைத் தூக்கிப் பிடித்து, வளைவையும் பலூனையும் பிள்ளையையும் காட்டிக்கொண்டு வந்தார்கள். போனுக்குள் தலைப்பா கட்டியும் தொப்பி போட்டும் ஆண்கள் சிரித்தார்கள். நிஹ்லா ஒவ்வொரு போனையும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"வெல்கம் டு அவர் ஃபேமிலி" என்று தட்டை நீட்டினாள்.

முதலில் வந்தவள் மீன்வாடிக்காரர் மீராமுகைதீனின் மனைவி. ஈத்தம்பழத்தை எடுத்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. நிஹ்லாவின் தலையை முன்னிருந்து பின்னாக மெல்லத் தடவிவிட்டு, ஸலவாத்தை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்து வந்த குடும்பத்தில் வாப்பா தடவினார், உம்மா தடவினாள். அதற்கடுத்து வந்த மனிதர் பழத்தை எடுக்கவே மறந்துவிட்டார். தலையை மட்டும் தடவினார். பன்னீர்ச் செம்பைச் சாய்த்துக்கொண்டு நின்ற நதீராவுக்குச் சட்டென்று விளங்கியது. ஊர் வாயைத்தான் பொத்திக்கொண்டிருந்தது. கையைப் பொத்த யாருக்கும் தோன்றவில்லை. தகப்பனில்லாத பிள்ளையைக் கண்டால் தலையைத் தடவாமல் போக இந்த ஊரில் ஒருவருக்கும் கை வராது. அது அவர்கள் படித்து வளர்ந்தது. தடவுகிற ஒவ்வொரு முடிக்கும் நன்மை எழுதப்படும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். ஒருவர் மனதிலும் கெடுதல் இல்லை. அதுதான் அவளை வதைத்தது; யாரோடு சண்டை பிடிப்பது?

"மகள், தட்டை வெச்சிட்டு உள்ளுக்கு வா" என்றாள்.

"இன்னும் வாறாங்க சாச்சி."

வீதியின் அந்தப் பக்கம், தேத்தண்ணிக் கடைத் தாழ்வாரத்தில் காலிதீன் நின்றார். அவரும் கண்டுவிட்டார். இரண்டடி முன்னால் வைத்தார், நின்றுவிட்டார். தடவுகிற கையைப் போய்த் தட்டிவிட முடியுமா? தட்டிவிட்டால் ஏன் என்று சொல்லவேண்டும்.

ஒருத்தி தன் மகனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பையன் ஈத்தம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தான். அவள் அவனுடைய கையைப் பிடித்து நிஹ்லாவின் தலையில் வைத்தாள்.

"தடவு மனே. நல்லாத் தடவு."

பையன் ஒட்டுகிற கையால் தடவினான். முக்காடு ஒரு பக்கம் சரிந்தது. நிஹ்லா தட்டைக் கீழே வைத்துவிட்டு அதை நேராக்கினாள். பிறகு திரும்பி நதீராவைப் பார்த்தாள்.

"ஏன் சாச்சி எல்லாரும் என்ட தலையத் தடவுறாங்க?"

"நீ வடிவா இரிக்காய். அதுதான்."

"அந்தப் புள்ளையும் வடிவுதானே?" பூப்போட்ட சப்பாத்தோடு வாப்பாவின் தோளில் ஏறிப் போகிற ஒரு சிறுமியைக் காட்டினாள். "அதுக்கு ஒருத்தரும் தடவல்ல."

நதீரா செம்பில் பன்னீர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"ஓதுற பள்ளியில எங்குட லெவ்வை செல்லித் தந்தாரு. எத்தீம் புள்ளட தலையத் தடவினா நன்மையாம். எங்களோட ஓதுற ஹிமாயாட வாப்பா கடலுக்குப் போய் மௌத்து. நாங்க எல்லாரும் வரிசையா நிண்டு அவட தலையத் தடவினம்." நிஹ்லா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "என்ட வாப்பா மௌத்தா, சாச்சி?"

மைக்கில் ஜுனைட் சேர் ஹலோ, ஹலோ என்றார். வேன் ஒன்று வந்து நின்றது. நதீரா பன்னீர்ச் செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லிவிடலாம். இன்னும் ஒரு அரை நாள் ஓட்டிவிடலாம். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை. தான் பெறாத பிள்ளைதான். ஆனாலும் நெஞ்சைப் பிளந்து எடுப்பதுபோல இருந்தது.

"ஓம் மகள்" என்றாள்.

அவள் அலறுவாள், விழுந்து புரளுவாள் என்று நதீரா செம்பை வைத்துவிட்டுக் கையை விரித்தாள். பிள்ளை அசையவில்லை.

"எப்ப?"

"உனக்குக் காய்ச்சல் வந்த நேரம்."

"மையித்த எங்க வெச்சாங்க?"

"அங்கதான் மகள். கத்தார்லதான் அடக்கின."

"பிளேன்ல ஏத்த ஏலாதா?"

"ஏத்தலாம். ஏத்தல்ல மகள்."

நிஹ்லா குனிந்து தட்டை எடுத்தாள். இரண்டு பழம் மண்ணில் விழுந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். வேனிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி, உம்மா ஒரு கை, வாப்பா ஒரு கை என்று பிள்ளையைத் தூக்கித் தண்ணீரைத் தாண்டிக்கொண்டு வந்தது. நிஹ்லா தட்டை நீட்டினாள்.

"வெல்கம் டு அவர் ஃபேமிலி."

அந்த உம்மாவும் பழத்தை எடுத்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். பிள்ளை தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் வீதியைப் பார்க்கவே இல்லை. றெஜிதா வந்து செம்பை எடுத்துக்கொண்டு நதீராவிடம், "நீ போய் முகத்தைக் கழுவு, நான் நிக்கிறன்" என்றாள். நதீரா போகவில்லை. பிள்ளை நிற்கும்போது அவள் எப்படிப் போவது?

முதல்நாள் என்றபடியால் பகலோடு பாடசாலை விட்டது. காலிதீன் கிட்டே வராமல், முன்னால் போகிறேன் என்று கை காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். நதீராவும் நிஹ்லாவும் ஓட்டோவில் ஏறினார்கள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடிக்காமல் நதீரா திரைச்சீலையை இறக்கிக் கட்டினாள். பிள்ளை அவளுடைய மடியில் தலை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், ஓட்டோக்காரனுக்குக் கேட்காமல் அழுதாள். இவ்வளவு சின்னப் பிள்ளை இப்படி அழ எங்கே பழகியது என்று நதீரா நினைத்தாள். வீட்டில் எல்லோரும் அப்படித்தானே அழுதார்கள்.

தெருமுனை திரும்பியபோது நிஹ்லா எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

"சாச்சி."

"என்ன மகள்?"

"உம்மாக்குச் செல்லிராதீங்க."

"என்னத்த?"

"வாப்பா மௌத்தெண்டு. அவக்குக் காய்ச்சல் இன்னும் சுகமாகல்ல. செல்லுவீங்களா?"

உம்மாவுக்குத் தெரியும் மகள் என்று சொல்ல நதீரா வாயெடுத்தாள். ஓட்டோ வீட்டுக் கடப்படியில் நின்றுவிட்டது. பிள்ளை பதிலுக்குக் காத்திராமல் இறங்கி ஓடினாள்.

காலிதீன் உடுத்த ஈரச் சாரத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியைச் சரிசெய்துகொண்டு, "வா மகள், மூத்தாப்பாக்கிட்ட வா" என்றார். நிஹ்லா அவருடைய கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். கால் கழுவினாள். அறைத் திரையை விலக்கினாள்.

ஸுல்பிகா பாயில் எழும்பி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாப்பாவால் சொல்ல ஏலாது, தங்கச்சியால் ஏலாது, நான்தான் பெற்றவள், நானே சொல்லிவிடுகிறேன் என்று இரவெல்லாம் சொற்களை அடுக்கி வைத்திருந்தாள். மகளை இழுத்து மடியில் இருத்தினாள்.

"மகள், உம்மா உனக்கிட்ட ஒண்டு செல்லணும்..."

"உம்மா, வாப்பா கதைச்சாரு" என்று முந்திக்கொண்டாள் நிஹ்லா.

ஸுல்பிகாவின் வாய் திறந்தபடி நின்றது.

"சேர்ட போனுக்கு கோல் எடுத்தாரு. லீவு குடுக்கல்லயாம். நான் நல்லாப் படிக்கணுமாம். உங்களுக்குக் காய்ச்சல் சுகமானப் பொறகு வாறாராம். அழவேணாமெண்டு உங்களுக்கிட்ட செல்லச் சொன்னாரு."

ஸுல்பிகா மகளின் தலைக்கு மேலால் வாசலைப் பார்த்தாள். திரையைப் பிடித்துக்கொண்டு நதீரா நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஸுல்பிகாவுக்கு எல்லாம் விளங்கியது. இரவெல்லாம் அடுக்கிய சொற்களில் ஒன்றுகூட இப்போது அவளுக்கு நினைவில் இல்லை.

பிள்ளை அவளுடைய முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், உம்மா நம்பினாளா இல்லையா என்று.

"அப்பிடியா மகள்?" என்றாள் ஸுல்பிகா. "ஓம். வரட்டும்."